திரையின் இடது மூலை

தன் முகம் இவ்வளவு பெரியது என்று ஒச்சம்மாள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. சுவருக்குச் சுவர் நிறைந்த திரையில், மூக்குத்தி ஒரு தாம்பாளம் அளவுக்கு மின்ன, மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்க, அந்த முகம் ஏதோ சொல்ல வாயைத் திறந்ததும் பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். பாதி மடியிலும் பாதி நாற்காலியிலுமாக உட்கார்ந்திருந்த மகள் தர்ஷிகா, "அம்மா, உன் பல்லைப் பாரேன், எவ்வளவு பெருசு" என்று தியேட்டருக்கே கேட்கும்படி சொன்னாள். வலது பக்கம் சுருளிவேல், அவள் புருசன், பெட்டி போட்ட சட்டை கசங்கிவிடுமோ என்று சாயாமல் உட்கார்ந்திருந்தவன், "ச்சூ, அம்மா பேசுது, கேளு" என்று அதட்டினான். அம்மா பேசியது. "தீயைப் பாத்தா பயமில்லையாக்கான்னு எல்லாரும் கேக்குறாங்க. பயமில்லாத ஆளை எங்க சார் மேல உக்கார வைக்க மாட்டாரு." இதை எப்போது சொன்னோம் என்று அவளுக்கு ஞாபகமில்லை. நன்றாகத்தான் சொல்லியிருந்தாள். யாரோ கைதட்டினார்கள். தன் குரல் தன் காதுக்கு வேறு மாதிரி கேட்பது ஒரு கூச்சம், ஆனால் கெட்ட கூச்சமில்லை, கல்யாண வீட்டில் சந்தனம் பூசுகிறபோது முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரி, திருப்பிக்கொண்டே கன்னத்தைக் கொடுப்பது மாதிரி. சந்தோசமாக இருக்கிறோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதுமே, இன்னும் அந்தக் காட்சி வரவில்லையே என்ற நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்தது.

படத்துக்கு 'எரியாத பக்கம்' என்று பேர். எடுத்தது நிலோபர் என்ற சென்னைப் பொண்ணு. இரண்டு கோடைக்காலம் இவர்களோடு மலையிலேயே கிடந்தவள். மூன்று மலைத்தொடர்களில் வேலை பார்க்கிற முந்நூறு வனக்காவலர்களில் இருந்து பொறுக்கி எடுத்த இருபது பேர் கொண்ட தீத் தனிப்படை இது. எங்கே நெருப்பு கை மீறிப் போனாலும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்த இருபது பேரும் குடும்பத்தோடு வந்து பார்க்கட்டும் என்று ஊர் தியேட்டரின் காலைக் காட்சியை நிலோபரே வாடகைக்கு எடுத்திருந்தாள். ஏசி இல்லை, விசிறிகள் கடகடத்தன, பினாயில் வாசனையும் பொரிச்ச சோள வாசனையும் கலந்து அடித்தது. ஒச்சம்மாளுக்கு எல்லாமே பிடித்திருந்தது. திரையில் இருபது கிலோ மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஏற்றத்தில் ஓடுகிறார்கள், ஒருத்தன் வாந்தி எடுக்கிறான், எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடுகிறான். தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். முன்னால் போகிறவன் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கிற போதைப்புல்லை அரிவாளால் சாய்க்க, அடுத்தவன் வாரிப்போட, அடுத்தவன் மண் தெரிகிறவரை சுரண்ட, கடைசி ஆள் ஊதுகிற மிஷினால் சருகைப் பறக்கடிக்க, காட்டுக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு வளர்ந்துகொண்டே போகிறது. இதையெல்லாம் அவள் இப்படிப் பார்த்ததே இல்லை. அவள் பார்ப்பதெல்லாம் உச்சிப் பாறையில் இருந்து, பைனாகுலர் வழியாக, எறும்புச் சாரையாக. படையில் அந்த வேலைக்கு மேல்பார்வை என்று பேர். கீழே வெட்டுகிறவன் மண்ணைத்தான் பார்ப்பான், புகையில் பத்தடிக்கு அப்பால் தெரியாது, அதனால் ஒரு ஆள் உயரத்தில் உட்கார்ந்து நெருப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, காற்று எப்படி இருக்கிறது என்று வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது பேரில் பத்தொன்பது பேருடைய கண்ணும் அந்த ஒரு ஆள்தான். தப்பிக்கிறதுக்கு ஒரு நிமிசம் இருக்கிறதா ஐந்து நிமிசம் இருக்கிறதா என்பது அந்த ஆள் வாயைத் திறக்கிற நேரத்தில் இருக்கிறது. இதைத் திரையில் எபனேசர் சார் சொல்லிக்கொண்டிருந்தார். படைக்கு அவர்தான் தலைவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், திரையிலும் அதே அவசரப் பேச்சு. "எங்க ஒச்சம்மாவ மாதிரி ஒரு கண்ணு கிடைக்காது பாத்துக்கிடுங்க" என்றார். சுருளிவேல் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். மினிபஸ் ஓட்டுகிறவன், இனி ஒரு வாரத்துக்கு ஏறுகிற இறங்குகிற எல்லாரிடமும் இதைச் சொல்வான். அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு விரிந்தது, கன்னம் வரவில்லை.

ஏனென்றால் இடது பக்கத்து நாற்காலியில் காசிமாயன் அண்ணன் இருந்தார். மடியில் பொரிப் பொட்டலத்தை வைத்து இடது கையால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். வலது கை நாற்காலிக் கையின்மேல், முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் பளபளவென்று, தொடையில் இருந்து வெட்டி ஒட்டின தோல், இரண்டு விரல் மடங்காது. திரை வெளிச்சம் மாறும்போதெல்லாம் அந்தக் கையும் நிறம் மாறியது. பார்க்கக்கூடாது என்று நினைக்க நினைக்க அவள் கண் அங்கேதான் போனது. போன வருசம், மார்ச்சு மாசம், கழுதைமுடக்குச் சரிவில் எரிந்த தீ அது. இரண்டாம் நாள் மத்தியானம், தூங்காமல் இருபத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது. நிலோபர் அவள் பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை வைத்துவிட்டு, "அக்கா, இது பாட்டுக்கு ஓடட்டும், நான் கீழ போய் அவங்க வெட்டுறத எடுத்துட்டு வர்றேன்" என்று இறங்கிப் போனாள். காற்று செத்துக் கிடந்தது. பாறைச் சூடு பேண்ட்டுக்குள் ஏறியது. தூரத்து நெருப்புச் சத்தம் ஓட்டுக்கூரைமேல் மழை பெய்கிற மாதிரி விடாமல், ஒரே தாளத்தில். அதற்குப் பிறகு அவள் ரேசன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் நின்ற பொம்பளை, கார்டு எங்கே என்று கேட்டாள், இவள் மடியில் தேடினாள், இல்லை, பையில் தேடினாள், இல்லை. அப்புறம் இடது கன்னம் சுட்டது. கண்ணைத் திறந்தால் நெருப்பு ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது. ரேசன் கடை. அதைத்தான் அவளால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. கண் சிமிட்டினேன், ஒரு நொடி அசந்தேன் என்றெல்லாம் மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள், ஆனால் ரேசன் கடைக்குப் போய் வரிசையில் நின்று பையில் தேடுகிறதுக்கு ஒரு நொடி போதாது. கனவு கண்டவள் தூங்கினவள்தான். அவள் கத்தினாள். "எரிஞ்ச பக்கம் ஏறுங்க, எல்லாத்தையும் போட்டுட்டு எரிஞ்ச பக்கம் ஏறுங்க" என்று ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லிக் கத்தினாள். எல்லாரும் ஏறிவிட்டார்கள், ஏற்கெனவே எரிந்து கறுத்த சரிவில் போய் விழுந்தார்கள், ஏனென்றால் எரிந்த இடம் இன்னொரு தடவை எரியாது. மற்றவர்களை முன்னால் தள்ளி ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறியவர் காசிமாயன். அந்த வலது கை கடைசியாக ஏறியது.

ஒவ்வொரு தீ அணைந்ததும் எபனேசர் சார் எல்லாரையும் வட்டமாக உட்கார வைப்பார். யாரும் எழுத மாட்டார்கள், யாரும் யாரையும் குற்றம் சொல்லக்கூடாது, அவரவர் எங்கே தவறவிட்டோம் என்று அவரவரே சொல்ல வேண்டும். அரிவாளை மறந்தவன் அதைச் சொல்வான், பயந்து உட்கார்ந்துவிட்டவன் அதைச் சொல்வான். இந்த வட்டம்தான் இந்தப் படை, மற்றதெல்லாம் உடுப்பு என்பார் சார். அன்றைக்கு அவள் முறை வந்தபோது, "காத்து சட்டுனு திரும்பிருச்சு சார், நான் கவனிக்கலை" என்றாள். காற்று திரும்பியது உண்மை. கவனிக்காததும் உண்மை. இரண்டு உண்மையைச் சேர்த்துக் கட்டி ஒரு பொய் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். வேலை போய்விடும் என்று பயந்தாளா? அது கொஞ்சம். இருபது பேரில் அவள் ஒருத்திதான் பொம்பளை, பொம்பளையை மேலே உட்கார வைத்தால் இப்படித்தான் தூங்கி விழுவாள் என்று யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், டீக்கடையில் சொல்லிவிட்டால் போதும், அடுத்த பத்து வருசத்துக்கு ஒரு பொண்ணு இந்தப் படைக்குள் வரமுடியாது. அது நிறைய. ஆனால் இதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணங்கள், அந்த நேரத்தில் வாய் தானாகவே காற்றைச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான், வாயும் நெருப்பு மாதிரிதான், எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் போகும். போன வாரம் நிலோபர் போன் பண்ணி, படம் முடிஞ்சிருச்சுக்கா, கட்டாயம் வரணும் என்றபோது, கழுதைமுடக்கு இருக்கா அதுல என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அந்தக் கேமரா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது? சரிவைப் பார்த்து என்றுதான் நினைவு. ஆனால் அதன் கண்ணுக்குள் தானும் இருந்தோமா? ஒரு வருசமாக இந்த ஒரு கேள்வியைத் துணி துவைக்கும்போதும் துவைத்தாள், சோறு வடிக்கும்போதும் வடித்தாள்.

வந்துவிட்டது. திரையில் 'கழுதைமுடக்கு, இரண்டாம் நாள்' என்று எழுத்து வந்து மறைந்தது. தியேட்டர் அமைதியானது. பேசிக்கொண்டிருந்த குழந்தைகளைக்கூட யாரோ அடக்கினார்கள். சரிவு தெரிந்தது, புகை தெரிந்தது, ஓடை ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஒச்சம்மாள் தன் முகத்தைத் தேடினாள். இல்லை. வலது பக்கம் இல்லை, இடது பக்கம் இல்லை, வெறும் மலைதான். அப்பாடா என்று மூச்சை விடப் போனவள், திரையின் இடது மூலையில், அடியோரத்தில், பாறை விளிம்பில் ஒரு பூட்ஸைப் பார்த்தாள். அவளுடைய பூட்ஸ். அதற்கு மேலே கால் இல்லை, ஆள் இல்லை, பூட்ஸின் முன்பாதி மட்டும். முதலில் அது நிமிர்ந்து நின்றது, அவ்வப்போது நுனி ஆடியது, விழித்திருக்கிறவளின் கால். பிறகு ஆட்டம் நின்றது. பிறகு மெதுவாக, யாரோ தொட்டுச் சாய்த்த மாதிரி, வெளிப்பக்கமாகச் சாய்ந்து படுத்தது. அங்கேயே கிடந்தது. தியேட்டரில் அத்தனை பேரும் நெருப்பைப் பார்த்தார்கள், நெருப்பு ஓடைக்கரைப் புல்லில் ஊர்ந்து வந்தது, ஒரு காய்ந்த மரம் ஓடைக்குக் குறுக்கே விழுந்தது, அந்த மரத்தின் மேலேயே ஏறி இந்தப் பக்கம் வந்தது, ஆள் பாலத்தில் நடந்து வருகிற மாதிரி நிதானமாக வந்தது. "அய்யோ" என்றார்கள் பின்னால். அவள் மட்டும் பூட்ஸைப் பார்த்தாள். எழுந்திரு, எழுந்திருடி, என்று அதைப் பார்த்துச் சொன்னாள், ஒரு வருசம் கழித்து, பாதுகாப்பாக, விசிறிக்கு அடியில் உட்கார்ந்து. பூட்ஸ் எழுந்திருக்கவில்லை. புகை மணம் வந்தது, மூக்கிலா நினைப்பிலா தெரியவில்லை. தர்ஷிகா அவள் புறங்கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பதான் காசி மாமாவுக்குச் சுடுமாம்மா?" என்று கேட்டாள். பூட்ஸ் துள்ளியது. அவளுடைய குரல் தியேட்டரைக் கிழித்துக்கொண்டு வந்தது, பேர் பேராக, சின்னக்காளை ஏறு, தங்கமலை ஏறு, ஜான் ஏறு, காசியண்ணே, காசியண்ணே. கைதட்டல் எழும்பியது. சுருளிவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியவில்லை. நிலோபருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம், பூட்ஸ் சாய்ந்தால் என்ன அர்த்தம் என்று மெட்ராஸ்காரிக்கு எப்படித் தெரியும். தப்பித்துவிட்டாள். இனி எந்தக் காலத்திலும் யாரும் கேட்கப்போவதில்லை. அந்த நிம்மதி வருமென்று காத்திருந்தாள், ஒரு வருசமாக அதற்குத்தானே காத்திருந்தது. நிம்மதி வரவில்லை. இப்படியே விட்டால் சாகிறவரை அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய வேகத்தில் இடது பக்கம் சாய்ந்துவிட்டாள்.

"அண்ணே." காசிமாயன் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் காதைக் கொடுத்தார். "காத்து இல்லண்ணே. நான் தூங்கிட்டேன்." சொல்லியாகிவிட்டது. நாலு சொல். இவ்வளவு சின்னதா அது. திரையில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், அதில் அவரே கிடந்தார், கையில் ஈரத்துணி சுற்றி, வலியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், சனங்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. பொரி எடுக்கிற கை நின்றிருந்தது. அவள் மனசு சுற்ற ஆரம்பித்தது, எழுந்து போய்விடுவாரோ, இங்கேயே கத்துவாரோ, கத்தினால் தர்ஷிகா கேட்பாளே, கத்தட்டும், கேட்கட்டும், அவருக்கு இல்லாத உரிமையா. ஒரு நாள் அவர் அரிவாளைப் பிடிக்க முயன்று மூன்றுமுறை கீழே போட்டதை ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாக அவள் பார்த்திருக்கிறாள். கீழே வெட்டுகிற வரிசையில் முன்னால் நின்ற மனுசன் இப்போது ஸ்டோரில் கயிறும் பேட்டரியும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், வண்டி மலைக்குக் கிளம்புகிறபோதெல்லாம் வாசலில் நின்று கை காட்டுகிறார். அவர் பேசினபோது குரல் வழக்கமான குரலாகவே இருந்தது. "பாத்தேன்" என்றார். "பூட்சு சாஞ்சு கெடந்துச்சு." உனக்கு முன்னாடி எட்டு வருசம் அதே மாதிரி பாறையில உக்காந்தவன்த்தா நான், எனக்குத் தெரியாதா, என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அது அவளுக்குக் கேட்டது. "அன்னைக்கு வட்டத்துல சொல்லியிருக்கலாம்ல ஒச்சு" என்றார். "ஒரு வருசமா நான் காத்தை வைஞ்சுக்கிட்டுத் திரியிறேன்."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவளுக்குள் இருந்து கிளம்பி மூக்கு வழியாக வெளியே வந்தது. சுருளிவேல் என்னவென்று திரும்பினான். "ஒண்ணுமில்லங்க, வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள். உண்மையிலேயே சொல்லப்போகிறோம் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது. காசிமாயன் இன்னும் கோபமாகத்தான் இருந்தார். அது தாடையில் தெரிந்தது. திரையில் மழை வந்துவிட்டிருந்தது, கருகின சரிவில் புல் முளைக்கிறது, பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. "என்கிட்ட சொன்னது என் கைக்கு" என்றார் திடீரென்று. "அது வேற. வட்டத்துல சொல்லணும், அது மத்தவன் உசுருக்கு. இருபத்தேழு மணி நேரம் ஒத்த ஆளா உக்காந்தா எந்தக் கொம்பனுக்கும் கண்ணு சொருகும். எனக்குச் சொருகியிருக்கு. என் நல்ல நேரம், அன்னைக்குக் காத்து திரும்பலை." அவள் அவரைப் பார்த்தாள். "நீங்களும் சொல்லலையாண்ணே?" "அப்ப வட்டமே இல்லத்தா." பொரிப் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினார். அவள் எடுத்துக்கொண்டாள். உப்பு தூக்கலாக இருந்தது. மேல்பார்வைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. ஒருத்தர் கண் அயர்ந்தால் இன்னொருத்தர் கண். இத்தனை சுலபமான ஒன்றை ஒரு வருசமாக யாரும் யோசிக்கவில்லை, எப்படி யோசிப்பார்கள், காற்றுதானே குற்றவாளி, காற்றுக்கு எதற்கு இன்னொரு ஆள்.

விளக்குகள் எரிந்தன. எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். நிலோபர் அழுதுகொண்டே மைக்கில் நன்றி சொன்னாள், படையை மேடைக்குக் கூப்பிட்டாள். படியேறுகிற இடத்தில் எபனேசர் சார் நின்று ஒவ்வொருத்தராக ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். ஒச்சம்மாள் அவர் பக்கத்தில் நின்றாள். "சார், நாளைக்கு வட்டம் போடணும். கழுதைமுடக்கைப் பத்தி." "அது போன வருசமே முடிஞ்சு போச்சேம்மா." "எனக்கு முடியலை சார்." அவர் அவள் முகத்தை ஒரு நிமிசம் பார்த்தார், திரையில் அவளைப் புகழ்ந்தவர்தான், இப்போது பார்த்தது வேறு பார்வை, தீயைப் பார்க்கிற பார்வை, எங்கே இருந்து வருகிறது எவ்வளவு தூரம் போகும் என்று. "எட்டு மணிக்கு வந்திரு" என்றார். அவளுக்குப் பின்னால் படியேற நின்ற காசிமாயனுக்கும் அது கேட்டது. நாளைக்கு இந்நேரம் அவர் என்ன முடிவெடுத்திருப்பாரோ, மேல்பார்வையில் இருந்து இறக்கிவிடலாம், படையை விட்டே அனுப்பலாம், அதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் அவள் படியேறினாள்.

மேடையில் இருபது பேரும் வரிசையாக நின்றார்கள். கீழே தர்ஷிகா நாற்காலிமேல் ஏறி நின்று கையை ஆட்டினாள். மைக் ஒரு முனையில் இருந்து கைமாறிக்கொண்டே வந்தது, பேரும் வேலையும் மட்டும் சொன்னால் போதும் என்றிருந்தாள் நிலோபர். சின்னக்காளை, அரிவாள். ஜான், ஊதுற மிஷின். தங்கமலை, மண் சுரண்டுறது. மைக் காசிமாயனிடம் வந்தது. அவர் அதை வலது கையில் வாங்கினார், மூன்று விரலால், நழுவாமல். ஸ்டோர் என்று சொல்வார் என்று வரிசையில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். "பேரு காசிமாயன்" என்றார். "மேல்பார்வை." எபனேசர் சார் சட்டென்று தலையைத் திருப்பினார். காசிமாயன் அவரைப் பார்க்கவே இல்லை, பால்கனியைப் பார்த்தபடி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "நாளைக்கு எட்டு மணிக்கு சாரு முடிவு பண்ணுவாரு. ஆனா ரெண்டு கண்ணு இருக்குற ஆளுக்கு இந்தக் கை ஒரு தடையில்ல" என்று சொல்லிவிட்டு மைக்கை இந்தப் பக்கம் நீட்டினார். சனங்கள் தட்டினார்கள், எதற்கென்று அவர்களுக்கு முழுக்கத் தெரியாது. ஒச்சம்மாள் மைக்கை வாங்கினாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. மேலே, விளக்குக்குப் பின்னால், கடகடத்த விசிறியின் காற்று நெற்றியில் பட்டது, வெறும் காற்று, அதன்மேல் இனி அவள் எந்தப் பழியும் போட வேண்டியதில்லை. "ஒச்சம்மாள்" என்றாள். "இவரு பக்கத்துல."